பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சாட்சி நேரத்தில் "மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று எத்தனையோ பேர் எழுந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யாரிடம் வாங்கினார்கள், வட்டி எவ்வளவு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு கல்விக் கடனை முழுதாக அடைத்து, இன்னொன்றைப் பாதி அடைத்திருக்கிற இந்த நேரத்திலாவது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சட்டமும் உதவித்தொகையும் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அதை விட்டுவிட்டு, எங்கே இருந்தாலும் பொருந்துகிற வேலைகளை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டில் என்ன இருக்கிறது?

இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருவாள். கணவன் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன், தேவபக்தி உள்ளவன், ஆனால் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் அவள் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொள்ள வாசலில் நிற்கிறான். எலிசா அவளிடம் முதலில் கேட்டது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான். அற்புதம் அதற்கு அப்புறம்தான் நடந்தது. எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று செலவு வரிசையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். கல்லூரிச் செலவைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் கேட்காத அளவு விஷயம் அந்த ஏழு வசனத்தில் இருக்கிறது.

அதனால் விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் ஒரு நோட்டு எடுத்து உட்காருங்கள். இன்றைக்குக் கையில் இருக்கும் சேமிப்பு எவ்வளவு, மாதச் சம்பளத்தில் உண்மையாக மிஞ்சுவது எவ்வளவு (மிஞ்ச வேண்டியது இல்லை, மிஞ்சுவது), பள்ளிப் படிப்பு முடிவதால் நின்றுபோகும் செலவுகள் எவை. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளிக் கட்டணம், டியூஷன், வேன் எல்லாம் நிற்கும்போது மாதாமாதம் ஒரு தொகை விடுபடும், அதை வேறு செலவு விழுங்குவதற்குள் கல்லூரிக் கணக்கில் எழுதிவிடுங்கள். இருக்கிற கடன்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்கியதையும் சேர்த்து. அந்த ராத்திரி கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

ஓய்வுகாலச் சேமிப்பை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெற்றோர்தான் பிள்ளைகளுக்குப் பொக்கிஷம் சேர்க்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே (2 கொரிந்தியர் 12:14) என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் படிப்புக்குக் கடன் கிடைக்கும், முதுமைக்கு யாரும் கடன் தர மாட்டார்கள். இருப்பதை எல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டு அறுபத்தைந்து வயதில் கையை விரித்தால், மாதாமாதம் அதைத் தாங்கப்போவதும் அதே பிள்ளைதான்.

இரண்டாம் படி: முழுச் செலவு

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28-இல் இயேசு சொன்னது சீஷத்துவத்தைப் பற்றி. ஆனால் அவர் எடுத்த உதாரணம் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது, கேட்டவர்களுக்கு அது உடனே புரிந்தது. நாம் செய்யும் தவறு முதல் தளத்துக்கு மட்டும் கணக்குப் போடுவது. முதல் வருடக் கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிட்டு, "மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுகிறோம்.

நான்கு வருடப் படிப்பு, முதல் வருடக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அடுத்தடுத்த வருடங்கள் 106, 112, 119 என்று போகும். மொத்தம் 400 ஆகாது, 437 ஆகும். இது வெறும் கல்விக் கட்டணம். தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம், லேப்டாப், தேர்வுக் கட்டணம், விடுமுறைக்கு வந்துபோகும் டிக்கெட், ஆய்வகத்துக்கும் புராஜெக்ட்டுக்கும் கேட்கும் தொகை, திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி வாங்கும் முன்பணம் எல்லாம் தனி. அடுத்த பிள்ளை எந்த வருடம் கல்லூரிக்குப் போகும் என்பதையும் இதே தாளில் குறித்துவையுங்கள். இருவரும் ஒன்றாகப் படிக்கும் வருடங்களில்தான் வீடு தடுமாறும். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் வாங்கிய கடன்தான் இன்னும் பாதி நிற்கிறது.

மூன்றாம் படி: பிள்ளையிடம் தொகையைச் சொல்வது

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பணக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். நீ நன்றாகப் படி, பணத்தை அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்போம். கேட்க அன்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை அதை நம்பி ஏழு கல்லூரிக்கு விண்ணப்பித்து, அதில் மிக விலை அதிகமானதில் மனதை வைத்து, இடமும் கிடைத்துவிட்ட பிறகு "முடியாது" என்று சொல்வது, இல்லையென்றால் சொல்ல முடியாமல் கண்ட இடத்தில் கடன் வாங்குவது, இந்த இரண்டில் ஒன்றில் போய் முடிகிறது.

மூத்தவள் பள்ளியில் கடைசி வருடத்துக்கு முந்தின வருடம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, குடும்ப ஜெபம் முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். "வருஷத்துக்கு எங்களால் இவ்வளவு கொடுக்க முடியும்மா, நாலு வருஷமும் கொடுப்போம், இதற்கு மேலே போனால் கடன்தான், அதில் பாதியை நீதான் கட்ட வேண்டியிருக்கும்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் ஒன்றும் பேசவில்லை. தான் எழுதி வைத்திருந்த கல்லூரிப் பட்டியலை எடுத்துவந்தாள், பென்சிலால் மூன்று பெயரை அடித்தாள், நான்காவது பெயரில் பென்சில் நின்றது, அதை அடிக்காமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு, "இதை ஏன்பா முன்னாடியே சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குறி போட்ட கல்லூரியில்தான் கடைசியில் சேர்ந்தாள், உதவித்தொகையோடு.

பேசும்போது மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: நாங்கள் தருவது எவ்வளவு, எத்தனை வருடம், உன் பங்கு என்ன. இதில் உன்மேல் கர்த்தருக்கு ஒரு சித்தம் இருக்கிறது, அது இந்தக் கல்லூரிதான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தேவசித்தம் என்ற வார்த்தையை மாப்பிள்ளை விஷயத்தில் பயன்படுத்தும் அதே அவசரத்தோடு கல்லூரி விஷயத்திலும் பயன்படுத்துகிறோம்.

நான்காம் படி: பணம் தேடும் முன் செலவைக் குறை

பட்டியலில் போட்டிருக்கும் கட்டணமும் நீங்கள் கடைசியில் கட்டும் கட்டணமும் ஒன்றல்ல. பல கல்லூரிகளில் இரண்டு வகைத் தள்ளுபடி உண்டு. ஒன்று குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது, இன்னொன்று மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தருவது. எல்லாம் போக நிகரமாக எவ்வளவு என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டால், மலிவு என்று நினைத்தது சில சமயம் விலை கூடியதாக இருக்கும். இடம் கிடைத்த பிறகு உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, வருமானம் குறைந்திருக்கிறது, மருத்துவச் செலவு வந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இல்லை என்பார்கள், அவ்வளவுதானே.

வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரி, முதல் இரண்டு வருடம் செலவு குறைந்த இடத்தில் படித்துவிட்டு அப்புறம் மாறுவது (மாறும்போது பாடங்களை ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்), வேலை செய்துகொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது, இவை எல்லாம் கௌரவக் குறைச்சல் இல்லை. பவுல் அப்போஸ்தலர் கூடாரம் தைத்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார். லூத்தர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது வீட்டு வாசல்களில் பாடி ரொட்டி வாங்கிச் சாப்பிட்டவர். வேலையையே கட்டணமாக எடுத்துக்கொள்ளும் கிறிஸ்தவக் கல்லூரிகளும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1855-இல் தொடங்கிய பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை, மாணவர்கள் எல்லோரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்கிறார்கள். மிசௌரியில் உள்ள காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸ் கல்லூரியில் வாரம் 15 மணி நேரம். இப்படி ஒன்று நீங்கள் இருக்கும் நாட்டில் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் நூலகத்திலோ ஆய்வகத்திலோ மாணவருக்குப் பகுதிநேர வேலை உண்டா என்று எங்கேயும் கேட்கலாம்.

கிறிஸ்தவக் கல்லூரியில்தான் சேர்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வாசலில் சிலுவையும் வருடத்துக்கு ஒரு கூட்டமும் மட்டும் என்றால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆசிரியர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள், விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் விரட்டாதவர்கள் என்றால் அது வேறு. மற்ற கல்லூரியில் சேர்ந்தாலும் பக்கத்தில் ஒரு நல்ல சபையும் மாணவர் ஐக்கியமும் இருந்தால் போதும் என்பது எங்கள் அனுபவம்.

ஐந்தாம் படி: உதவித்தொகை, அதன் நிபந்தனையோடு

அரசு, கல்லூரி, நீங்கள் வேலை செய்யும் நிறுவனம், உங்கள் திருச்சபைப் பிரிவின் தலைமையகம், மிஷன் அமைப்புகள், தனியார் அறக்கட்டளைகள் என்று ஆறு இடத்தில் தேடுங்கள். போதகர் பிள்ளைகள், மிஷனெரி பிள்ளைகளுக்குச் சில கல்லூரிகள் தனியாகச் சலுகை தருவதுண்டு, விளம்பரப்படுத்த மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், சபை அங்கத்தினர் கடிதம், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போதகரின் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி போய்க் கேட்டால் "நல்ல பிள்ளை, ஒழுங்காக ஆலயத்துக்கு வருவாள்" என்ற இரண்டு வரிதான் கிடைக்கும். ஒரு மாதம் முன்பே, பிள்ளை ஞாயிறு பள்ளியில் என்ன செய்தாள், எதற்காகப் படிக்கிறாள் என்று ஒரு சின்னக் குறிப்போடு கொடுங்கள்.

உதவித்தொகை வாங்கித் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், அவர் வாயைத் திறந்தால் வசனமாகக் கொட்டினாலும் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் வாங்கிய அடி ஒன்றைச் சொல்கிறேன். இளையவனுக்குக் கட்டணத்தில் பாதியைக் கல்லூரியே தள்ளுபடி செய்தது. நான்கு வருடத்துக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. முதல் வருடம் அவனுக்குக் கணிதம் காலை வாரியது, இரண்டாம் வருடம் தள்ளுபடி நின்றது, பணம் கட்ட இருபது நாள் அவகாசம். குறை யாருடையது என்றால் எங்களுடையதுதான், கையெழுத்துப் போட்டது நான். அதனால் கேளுங்கள்: எத்தனை வருடம், எந்த நிபந்தனை, ஒரு முறை தவறினால் மறுபடி கிடைக்குமா, வெளியிலிருந்து வேறு உதவித்தொகை வந்தால் இதைக் குறைப்பீர்களா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், வெளியிலிருந்து வந்த தொகையைச் சில கல்லூரிகள் தங்கள் பங்கில் கழித்துக்கொள்கின்றன.

ஆறாம் படி: சபையும் காணிக்கையும்

அந்த விதவையிடம் எலிசா அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார், கொஞ்சமாக அல்ல என்றும் சொன்னார். கேட்பது விசுவாசக் குறைச்சல் இல்லை. உபாகமம் 14:28, 29-இல் மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்கென்று ஊர்வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையின் கட்டணத்துக்குச் சபை கொடுப்பது அதன் தொடர்ச்சிதான். ஆனால் எல்லோர் முன்னிலும் ஜெபக் குறிப்பாகச் சொல்லி மறைமுகமாகக் கேட்காதீர்கள், பிள்ளைக்கு அது தலைகுனிவு. போதகரிடமோ மூப்பரிடமோ தனியாகப் போய், கணக்குத் தாளைக் காட்டி, இவ்வளவு குறைகிறது என்று நேராகச் சொல்லுங்கள். சக விசுவாசி பணம் தந்தால் அது அன்பளிப்பா கடனா என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக ஒரே வரிசையில் உட்கார்ந்த இரண்டு குடும்பம், இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் ஆலயத்தின் இரண்டு மூலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தசமபாகத்தை நிறுத்தலாமா? இதில் சபைக்குச் சபை போதனை வேறு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). காணிக்கையைக் காட்டிக் குடும்பக் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது. அதேபோல் குடும்பத்தைக் காட்டிக் கொடுப்பதையே மறந்துபோகவும் கூடாது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு கஷ்டமான வருடமும் தொகையைக் குறைத்தோம், நிறுத்தவில்லை, பிள்ளைகளுக்கும் சொன்னோம். உற்சாகமாய்க் கொடுக்கிறவரிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்பதில் தொகை இல்லை.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்வேன். கட்டணத்துக்கு வைத்த பணத்தை விதைக் காணிக்கையாகப் போடுங்கள், நூறு மடங்காக வரும் என்று யாராவது மேடையிலிருந்து சொன்னால் போடாதீர்கள். தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு பதில் சொன்னது, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தேவன் தாங்கிக்கொள்வார் என்று பிசாசு வசனம் காட்டிச் சொன்னபோதுதான்.

ஏழாம் படி: கடன்

ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்று ரோமர் 13:8 சொல்கிறதே, கல்விக் கடன் பாவமா? முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்தால், யாருக்கு எது செலுத்த வேண்டுமோ அதைச் செலுத்திவிடு என்ற பொருள் வருகிறது. கடன் வாங்கித் திரும்பக் கட்டாமல் போவதைத்தான் 37-ஆம் சங்கீதம் துன்மார்க்கம் என்கிறது. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 எச்சரிக்கவும் செய்கிறது. ஆக, வாங்கலாம், ஆனால் அடிமைத்தனம் எத்தனை வருடம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 1,00,000 கடன், வருடத்துக்கு 25,000 வீதம் நான்கு வருடம் எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம், படிக்கும்போது தவணை கிடையாது. தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டிக்கு வட்டி போடாவிட்டாலும் படிப்பு முடியும் நாளில் 25,000 ஏறி, கடன் 1,25,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 1,652, மொத்தம் ஏறக்குறைய 1,98,000. வாங்கியது போல இரண்டு மடங்கு. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்திருந்தால் அந்த 25,000-ஐயும் சேர்த்து மொத்தம் 1,83,600 அளவில் முடிந்திருக்கும். முதல் வருடம் அந்த வட்டி மாதத்துக்கு 210-க்கும் குறைவு. இதை மூத்தவள் விஷயத்தில் செய்தோம், இளையவன் விஷயத்தில் முடியவில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: வட்டி நிலையானதா மாறுவதா, எந்த நாளிலிருந்து ஓடும், எப்போது அசலோடு சேரும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா, வேலை கிடைக்கத் தாமதமானால் அவகாசம் உண்டா, மாணவர் இறந்துபோனால் கடன் யார் தலையில். கடைசியைக் கேட்க வாய் வராது, ஆனாலும் கேளுங்கள். மொத்தக் கடன் அந்தப் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். பிள்ளை முழுநேர ஊழியத்துக்குப் போகப்போகிறது என்றால் அதைவிடவும் குறைவாக. ஊழியருக்கு வரும் படியில் தவணை கட்டுவது கடினம், கடன் இருக்கிறவர்களைச் சில மிஷன் அமைப்புகள் சேர்த்துக்கொள்வதும் இல்லை.

ஜாமீன் கையெழுத்து கேட்டு அண்ணனிடமோ சபைச் சகோதரரிடமோ போகும் முன் நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனத்தை நீங்களே வாசித்துவிட்டுப் போங்கள், அவர் மறுத்தால் மனதில் வைக்காமல் இருக்க அது உதவும்.

சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு

உங்களுக்குக் கணக்கு சுலபம். மாதம் 1,000 வீதம் பிறந்ததிலிருந்து 18 வருடம் போட்டு, ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 4,80,000 வரும், நீங்கள் போட்டது 2,16,000. எட்டு வயதில் தொடங்கினால் 1,83,000 அளவில்தான். 8 சதவீதம் யாரும் எழுதித் தரும் வாக்கு இல்லை, ஆனால் பத்து வருடத் தாமதம் என்ன செய்கிறது என்று பார்க்க இது போதும்.

கடைசிப் படி: படிக்கும்போதும் முடிந்த பிறகும்

வருடத்துக்கு ஒரு முறை, புதுக் கட்டணத் தாள் வந்த வாரத்தில், அந்த நோட்டை மறுபடி திறந்து மூவரும் உட்காருங்கள். கடன் மீதி எவ்வளவு என்று பிள்ளையே இணையத்தில் பார்த்துச் சொல்லட்டும். பட்டம் வாங்கிய கையோடு தவணை தொடங்கும் தேதியைக் குறித்துவையுங்கள். முதல் சம்பளத்தை முழுதாக முதற்பலனாகக் கொடுக்க ஆசைப்படும் பிள்ளையிடம், அந்த மாதத் தவணை எதிலிருந்து போகும் என்று கேளுங்கள், ஆசையை அணைக்க அல்ல, இரண்டையும் எப்படிச் செய்வது என்று சேர்ந்து யோசிக்க. மூத்தவள் அதற்காக வேலையில் சேருவதற்கு முன்பே டியூஷன் எடுத்து ஒரு மாதத் தவணையைத் தனியாக எடுத்துவைத்திருந்தாள்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும், அடமானமாகக் கொடுத்த மூலப் பத்திரங்களையும் கையில் வாங்கும்வரை விடாதீர்கள். அந்தக் கடிதம் எங்களுக்கு வர மூன்று மாதம் ஆனது, நாலு முறை நடந்தேன். இப்போது அது அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இளையவன் கணக்கு ஓடுகிறது, இன்னும் 41 தவணை.